முறியாமல் கழற்றப்படும்

வெள்ளப்பாறைப் பிரிவில் பஸ் நின்று கிளம்பும் இடத்துக்கு நேரெதிரே, ஒரு பக்கம் வேப்பமரத்திலும் மறுபக்கம் இரும்புக் கம்பத்திலும் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழேதான் எங்கள் பட்டறை. அங்கே என் வீட்டுக்காரர் நல்லதம்பி கார் எஞ்சின் பிரிப்பார், நான் டார்ச் பிடிப்பேன், அவர் கேட்கிற ஸ்பேனரை அவர் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டுவேன், எங்கள் மகள் மிதுனா தேய்ந்த டயருக்குள் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டுவாள். நாள் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு வெயில்கால முற்பகலில், என் உள்ளங்கை சுட ஆரம்பித்தது.

துருவேறிய ஸ்டட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை எஞ்சினுக்குள்ளும் மறுமுனை நட்டுக்குள்ளுமாக நிற்கிற தலையில்லாத போல்ட்டுதான் ஸ்டட். சைலன்சர் பக்கம் இருப்பவை சூட்டிலும் மழைத்தண்ணீரிலும் வருஷக்கணக்காகக் கிடந்து, எஞ்சினோடு ஒட்டி ஒரே உடம்பாகிப்போகும். அவசரக்காரன் கை பட்டால் முருங்கைக்கிளை மாதிரி மளுக்கென்று முறியும், முறிந்த பாதி உள்ளேயே தங்கிவிடும், முறித்தவன் பெயர் அடுத்த பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போய்விடும். கேஸ் வைத்துக் காய்ச்சலாம், ஆனால் அந்த நெருப்புக்கு எங்கே நிற்பதென்று தெரியாது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் கோணலாக்கிவிட்டுத்தான் அணையும்.

அன்றைக்கு வந்திருந்தது தேங்காய் வியாபாரி சடையப்பண்ணனின் பழைய டீசல் கார். ஸ்டட் அசையவே இல்லை. சடையப்பண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே கிடைத்தவரின் வாயைக் கிளறிக்கொண்டிருப்பார், அது அவர் பழக்கம்.

"ஏப்பா நல்லதம்பி, மாமனார் ஊர்ல மழை கிழை உண்டா?"

என் வீட்டுக்காரருக்கு வேலை ஓடாத எரிச்சல். எரிச்சலை மறைக்கச் சிரிப்பு வேண்டியிருந்தது, சிரிப்புக்கு ஒரு கதை வேண்டியிருந்தது, அப்போது கைக்குக் கிடைத்தது எங்க அப்பாதான்.

"மழையைக் கேக்கறீங்க, எங்க மாமனாரு சட்டைக் கதை தெரியுமுங்களா?" என்று ஆரம்பித்தார். எங்கள் கல்யாணத்துக்கு எங்க அப்பா பொங்கியண்ணன் போட்டிருந்தது இரவல் சட்டை, அவர் பண்ணையம் பார்க்கிற தோட்டத்துக்காரருடைய வெள்ளைச் சட்டை. அந்தத் தோட்டத்துக்காரரும் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "பொங்கியண்ணா, கொழம்பு சிந்தாமப் பாத்துச் சாப்புடு" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. எங்க அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, குழம்பை விட்டுவிட்டு, வெறும் மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்தார்.

சடையப்பண்ணன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என் இடது கை டார்ச்சைப் பிடித்திருந்தது, வலது கை எஞ்சின் மேல் ஊன்றியிருந்தது. நான் சுபாவத்திலேயே சிரிப்புக்காரி, அதனால் நானும் சிரித்தேன். ஆனால் கழுத்தில் ஏறின சூடு தோள் வழியாக இறங்கி உள்ளங்கைக்கு வந்து, அங்கேயிருந்து இரும்புக்குள் போவது எனக்குத் தெரிந்தது, சுண்டுவிரல் பக்கத்திலிருந்த ஸ்டட் மெல்லச் செவந்து, மருதாணி வைத்த விரல்நுனி மாதிரி நின்றது. பக்கத்து இரும்பு பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தே கிடந்தது. என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தி அதில் ஸ்பேனரை வைத்துத் திருகினார். கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டு முழுசாய் வந்தது ஸ்டட். மரை ஒன்றுகூட நசுங்கவில்லை.

"சூடாறதுக்குள்ள அடுத்ததுல கையை வை புள்ள" என்றார்.

வைத்தேன்.

அதிசயம் என்று யாரும் வாயில் கை வைக்கவில்லை. டீக்கடை ராசாத்தியக்கா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க ஓரகத்திக்குத் தும்முனா காது ஆடும், உனக்கு வெக்கப்பட்டாக் கை சுடுது, அவ்வளவுதான் அம்மிணி" என்று பாலைப் பார்க்கப் போய்விட்டார். நர்ஸம்மா காய்ச்சல் இல்லை என்று சொல்லி மோர் நிறையக் குடிக்கச் சொன்னார். டெய்லர் துணி தேய்க்கிற கரிப்பெட்டியைக் கொண்டுவந்து, கரி விலை விற்கிற விலைக்கு, சும்மா இருக்கும்போது கொஞ்சம் பிடித்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். பூசாரி மட்டும் கோயில் மணியைத் தொடவேண்டாம், வெண்கலம் இளகிவிடும் என்று கேட்டுக்கொண்டார். அதோடு ஊருக்கு அது பழகிவிட்டது, புதிதாக ஒரு போர்வெல் போட்டால் பழகுகிற மாதிரி.

என் வீட்டுக்காரர் தகரத்தில் எழுதி வாங்கி மரத்தில் மாட்டினார்: 'ஸ்டட் முறியாமல் கழற்றப்படும்.' கார் வந்தது, வேன் வந்தது, லாரி வந்தது, ஆழ்துளைக் கிணற்று வண்டி வந்தது, தண்ணீர் மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே வட்டமாக நிற்பார்கள், நான் இரும்பின் மேல் கையை வைப்பேன், யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். "ஏம்மிணி, உங்கப்பன் சட்டை..." ஸ்டட் செவக்கும், கழன்று வரும், உடனே சொன்னவரே ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து, "மனசுல வெச்சுக்காத அம்மிணி, வேலைக்காகச் சொன்னது" என்று கொடுப்பார். அப்படி ஒரு வழக்கம் தானாக உண்டாகிவிட்டது. மோரில் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருப்பார்கள், சிலர் இஞ்சியும் தட்டிப் போட்டிருப்பார்கள், மோரில் யாரும் குறை வைக்கவில்லை.

சட்டமும் போட்டுக்கொண்டார்கள். குழந்தையைச் சொல்லக் கூடாது, செத்தவர்களைச் சொல்லக் கூடாது, வெள்ளிக்கிழமை சொல்லக் கூடாது. இப்படிச் சட்டம் போட்டுக்கொண்டதில் அவர்களுக்கே அவர்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நானும் ஒன்றே ஒன்றைச் சட்டமாக வைத்திருந்தேன். வண்டி வந்து நின்றதும் மிதுனாவை டயருக்குள்ளிருந்து தூக்கி, பொம்மையோடு ராசாத்தியக்கா கடையில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். மற்றதெல்லாம் போகட்டும், அவள் வாயில் நான் அம்மாவாகவே இருக்கவேண்டும், அவள் கண்ணில் எங்க அப்பா கடலைக்காய் கொண்டுவருகிற அப்புச்சியாகவே இருக்கவேண்டும், அது போய்விட்டால் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. "அங்க என்னம்மா பண்றீங்க?" என்று கேட்பாள். "நட்டு கழட்டறோம் கண்ணு" என்பேன். அது பொய்யுமில்லை.

ஆனால் வெட்கமும் தோசைக்கல் மாதிரிதான், விறகு வைக்காமல் சுடாது. சட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லி அது ஆறிப்போனது. யாராவது "சட்டை" என்று ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்தது, ஸ்டட் சும்மா நின்றது. அப்போது பார்க்கவேண்டுமே எங்கள் ஆட்களின் பாட்டை! சடையப்பண்ணன் தேங்காய் ஏற்றப் போகிற சாக்கில் எங்கள் ஊருக்கே போய், தெருத் தெருவாக விசாரித்து, எனக்குப் பேன் பற்றி மொட்டையடித்த கதையையும், அழைப்பில்லாத சீர்வீட்டில் நானும் என் அம்மாவும் போய் உட்கார்ந்த கதையையும், பெண் பார்க்க வந்தவர்கள் உட்காரப் பக்கத்து வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்த கதையையும், விதைநெல் கொண்டுவருகிற மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் சுட்டது, பிறகு ஆறியது. பிறத்தியார் எனக்காக இவ்வளவு அலைகிறார்களே என்று எனக்கே ஒரு சமயம் பாவமாக இருந்தது, அதை நினைத்தால் இப்போது அழுகை வருகிறது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு ஸ்டட்டும் முறிக்காத மேஸ்திரி என்று நாலு பேர் சொன்னது அவர் கழுத்தில் மாலை மாதிரி விழுந்தது, அவ்வளவுதான். மாலையைக் கழற்ற அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலங்களில் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, "இப்பக் குளுகுளுன்னு இருக்குதே" என்பார். அப்படி ஒரு சாயங்காலம், நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள சுகந்தி, நீ ஏன் எட்டாவதோட நின்னே? நல்லாப் படிப்பேன்னு உங்கம்மா சொன்னாங்களே."

யாரும் அதுவரை கேட்டதில்லை. அதனால் சொன்னேன். சுதந்திர தின விழா, கொடிக்கம்பத்துக்கு முன்னால் என்னைத் திருக்குறள் சொல்ல நிற்க வைத்தார்கள், பஞ்சாயத்துத் தலைவர் வந்து சேரும்வரை வெயிலில் நின்றுகொண்டே இருக்கவேண்டும், நகரக் கூடாது என்றார் டீச்சர், நான் நகரவில்லை, குறள் சொல்ல வாயைத் திறந்தபோது பாவாடை நனைந்து காலோடு வழிந்து மண்ணில் ஓடியது, கொடிக்குப் போட்டிருந்த கோலம் கரைந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பள்ளிக்கூட வாசல் எனக்கு ஏற முடியாத மலையாகிவிட்டது. சொல்லி முடித்ததும் என் கண்ணை அவர் தன் கையாலேயே துடைத்துவிட்டார். கிரீஸ் கன்னத்தில் அப்பியது, அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு லாரி வந்தது. எந்தக் கதைக்கும் நட்டு மசியவில்லை. லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், வட்டமாக நின்றவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரும்பைப் பார்த்துக்கொண்டே, "கொடிக்கம்பத்துக்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

அன்றைக்கு நட்டு கழலவில்லை, உருகி வடிந்தது. லாரிக்காரர் கைதட்டினார். மோர்ச் சொம்பு என் வீட்டுக்காரர் கையில் வந்தது, அவர் நீட்டினார், நான் வாங்கிக் குடித்தேன். கறிவேப்பிலை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோறாக்கினேன், குழந்தைக்குத் தலை வாரினேன், எல்லாம் வழக்கம்போலத்தான். அதற்குப் பிறகு என் கை சுடுவது நின்றுபோனது. வேண்டுமென்று நிறுத்தவில்லை, அதற்கு மேல் எரிய உள்ளே ஒன்றும் இல்லை.

கை ஆறிக்கிடந்த அந்த நாட்களில்தான் சடையப்பண்ணனின் அதே கார் மறுபடி வந்தது, இந்த முறை எஞ்சின் தலையையே இறக்கவேண்டிய நிலைமையில். மற்றதெல்லாம் எண்ணெய்க்கே வந்துவிட, பின்பக்க மூலையில் ஒரே ஒரு ஸ்டட் மட்டும் இறுகி நின்றது. அவருடைய மகளுக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டு அழைப்பு, அந்தக் காரில்தான் போகவேண்டும். ஆட்கள் கூடினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்து கூடினார்கள். மிதுனாவை வழக்கம்போல டீக்கடையில் விட்டுவிட்டு வந்து கையை வைத்தேன். சட்டை சொன்னார்கள், மொட்டை சொன்னார்கள், நாற்காலி சொன்னார்கள், கொடிக்கம்பம் சொன்னார்கள். ஸ்டட் ஐஸ் மாதிரி இருந்தது.

"என்னம்மிணி, கொஞ்சம் மனசு வையி" என்றார் சடையப்பண்ணன், நான் ஏதோ பிடிவாதம் பண்ணுகிற மாதிரி.

"ரோசமே இல்லாமப் போச்சுங்களா உங்க ஊட்டுக்காரிக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அதுவும் சுடவில்லை.

என் வீட்டுக்காரர் நீளமான பைப்பை எடுத்து ஸ்பேனரில் மாட்டினார். அப்படி மாட்டினால் முறியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது ஆட்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து மிதுனா வந்தாள். டீக்கடைக்கும் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரு சாக்குப்படுதாதான். அத்தனை நாளும் நான் அவளைக் கொண்டுபோய் விட்டது அந்தச் சாக்குக்கு அந்தப் பக்கம்தான். இது ஏன் என் புத்தியில் ஏறவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை; சோறு வெந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவள் நான்.

வந்தவள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் அப்பா நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏம்புள்ள," என்றாள் என்னைப் பார்த்து, அவருடைய குரலிலேயே, "உங்கப்பன் எரவல் சட்டைக்காரன். கொழம்பு சிந்தாமப் பாத்துச் சாப்புடு. நீ பாவாடையிலயே ஒண்ணுக்குப் போனவ. கோலம் அழிஞ்சு போச்சு."

ஒன்றுகூட விடவில்லை. எங்கே இழுத்துச் சொல்லவேண்டுமோ அங்கே இழுத்தாள், எங்கே சிரிப்புக்கு நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினாள். முடித்ததும், பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற சின்னக் கிண்ணியை இரண்டு கையாலும் நீட்டினாள். அதில் கொஞ்சம் மோர் இருந்தது.

"மனசுல வெச்சுக்காத அம்மிணி. வேலைக்காகச் சொன்னது." பிறகு தன் சொந்தக் குரலில், கண்ணெல்லாம் மலர, "அம்மா, நானே கழட்டிக் குடுத்துட்டேனா? கை சுட்டுருச்சா?" என்றாள்.

என் கை சுடவில்லை.

முதலில் சடையப்பண்ணன் கையிலிருந்த டீக்கிளாஸ் கொதித்தது. 'ஆ' என்று கீழே போட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் பஸ் பாஸைப் போட்டார், அது காற்றில் எரிந்துகொண்டே இறங்கியது. வேட்டி முனையைப் பிடித்திருந்தவர் வேட்டியை உதறினார், சாவிக்கொத்து வைத்திருந்தவர் சாவிக்கொத்தை வீசினார், குடையை ஊன்றியிருந்தவர் குடையை விட்டுவிட்டு ஓடினார். சாக்குப்படுதாவுக்கு அந்தப் பக்கம் ராசாத்தியக்காவின் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது, அடுப்பு அப்போது அணைந்திருந்தது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனர் செவப்பாகி, வெள்ளையாகி, முறுக்கிய துணி மாதிரித் தொங்கியது; அவர் விடவில்லை, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் மூலையிலிருந்த ஸ்டட், யாரும் தொடாமல், மழைக்கு வளையை விட்டு வருகிற மண்புழு மாதிரித் தானாகத் திரும்பித் திரும்பி வெளியே வந்து மண்ணில் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. காரின் சக்கரம் கழன்றது, கதவு கழன்றது, பெஞ்சுக்கால் கழன்றது, எதிரே நின்ற பஸ்ஸின் படி கழன்றது, மரத்தில் மாட்டியிருந்த தகரப்பலகையின் ஆணி கழன்று பலகை தலைகீழாக விழுந்தது. பட்டறையில் முறுக்கியிருந்ததெல்லாம் கழன்றது. எதுவுமே முறியவில்லை.

நான் கிண்ணியை வாங்கி மோரைக் குடித்தேன். குழந்தை கொடுத்தது, குடிக்காமல் என்ன செய்வது? "இனி நீ சொல்லவேண்டாம் கண்ணு, அம்மாவுக்கு அது வலிக்கும்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. "அப்பச் சொல்றவங்க எல்லாரும்?" என்று கேட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒருவர்கூட அந்தப் பார்வைக்கு நிற்கவில்லை.

சூடு அவர்களுக்குப் பழக்கமில்லாதது, அதனால் உள்ளங்கை வெந்துபோனது. ஊர் முழுக்கக் கற்றாழை ஒடித்துத் தடவினார்கள். வெந்த கை காட்டிக்கொடுக்கும் என்பதால் எல்லோரும் கையை மடக்கிக்கொண்டு நடந்தார்கள். சந்தையில் மடக்கிய கையாலேயே கத்தரிக்காயைச் சுட்டினார்கள், கோயிலில் மடக்கிய கையாலேயே கும்பிட்டார்கள், பூசாரியும் மடக்கிய கையாலேயே விபூதி கொடுத்தார். சடையப்பண்ணன் மகளை மாட்டுவண்டியில்தான் அழைத்துப்போனார், ஏனென்று யாரும் கேட்கவில்லை. யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவுமில்லை. வாசலில் மட்டும் அவ்வப்போது ஒரு மோர்ச் சொம்பு இருந்தது. நான் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன், செடி நன்றாக வந்தது.

என் வீட்டுக்காரர் பலகையை எடுத்துக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்துவிட்டார். இப்போது ஸ்டட் கழற்றுவது வேறு மாதிரி. நன்றாகப் பிரஷ் போட்டுத் துருவைத் துடைத்து, டீசலையும் எண்ணெயையும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, லேசாகத் தட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல், இறுகினால் நிறுத்தி மறுபடி எண்ணெய். அவசரமென்று யாராவது சொன்னால், "வேற பட்டறை பாருங்க" என்று தலை நிமிராமல் சொல்கிறார். சில சமயம் முறிகிறது. முறிந்தால், "முறிஞ்சு போச்சுங்" என்று அவரே சொல்லிவிடுகிறார். என்னோடு அவர் அதிகம் பேசுவதில்லை. சாயங்காலங்களில் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைப்பதில்லை. எடுக்கப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும், நானும் நீட்டவில்லை.

மிதுனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு எங்க அப்பா வந்தார். தோளில் கடலைக்காய் மூட்டை, உடம்பில் நீலக் கோடு போட்ட சட்டை, முதுகில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். "உக்காருங்க, உக்காருங்க, நான் என்ன கலெக்டரா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். நான் அவரிடமிருந்துதான் இந்தச் சிரிப்பை வாங்கியிருக்கிறேன்.

மத்தியானம் இலை போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. நான் கரண்டியை எடுக்கப் போக, என் வீட்டுக்காரர், "நான் போடறேன் விடு" என்று வாங்கிக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவர் யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை. குனிந்தார். எங்க அப்பா சோற்றில் குழி பறித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வை பட்டதும் என் வீட்டுக்காரர் கழுத்தில் ஏறினது எனக்குத் தெரிந்தது, தோள் வழியாக இறங்கினதும் தெரிந்தது, எனக்குத் தெரியாத வழியா அது! கரண்டிக்குள் குழம்பு தளதளவென்று கொதித்தது. காம்பு செவந்தது. அவர் விடாமல்தான் பிடித்திருந்தார், ஆனால் கை ஆடியது. ஆடி, நீலக் கோட்டுச் சட்டையின் நெஞ்சில், பெரிதாய், மஞ்சளாய்ச் சிந்தியது.

மிதுனா என்னைப் பார்த்தாள், நான் இலையைப் பார்த்தேன்.

எங்க அப்பா விரலால் சட்டையிலிருந்து ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கினார். பிறகு, இடது கையால் மருமகனின் வெந்த கையைப் பிடித்து, கரண்டியோடு சேர்த்துத் தன் இலை மேலேயே கொண்டுவந்து நிறுத்தி,

"நல்லா ஊத்துங்க மாப்ள. இது என்ற சொந்தச் சட்டைதானுங்" என்றார்.